ஏழாவது குதிரைக்காரி

ஜூன் 4

மருமகள் கொடுத்த பேங்க் டைரி இது. சொட்டு மருந்து விட்ட நேரத்தை எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறாள். காலை, மத்தியானம், ராத்திரி மூன்று வேளையும் விட்டாயிற்று. மிச்ச இடம் வெறுமனே கிடக்கிறதே என்று எழுதுகிறேன், வேறொன்றுமில்லை.

இவருக்கு இடது கண் போய் ஆறு வருஷம் ஆகிறது. இப்போது வலது கண்ணுக்குள்ளும் சர்க்கரையால் ரத்தம் கசிந்து, விழித்திரை இழுபடுகிறதாம். சர்க்கரை இறங்கினால்தான் ஆபரேஷன். இன்று ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது, ஆனாலும் மறைத்துப் பேசவில்லை. "பார்வை வரலாம், வராமலும் போகலாம். இப்ப தெரியற நிழலும் போயிடலாங்க ஐயா" என்றார். இவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் கேட்டது இதுதான்: "பூவா, கண்ணாடி அலமாரி பூட்டியிருக்குதா?" கண்ணைப் பற்றி ஒரு பேச்சில்லை. குதிரைகளுக்குத் தூசி படியுமே என்று கவலை. என் பெயர் பூவாத்தாள். அதை முழுசாகச் சொல்லக்கூட இந்த மனுஷனுக்கு நேரம் வந்ததில்லை.

சொட்டு மருந்து விட எனக்கு இடது கைதான் நிதானம். மேலே முகட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எந்தக் கையென்று தெரியப்போவதில்லை.

ஜூன் 6

அலமாரியைத் துடைத்தேன்.

குதிரை என்றால் நிஜக் குதிரை இல்லை. பீளமேட்டில் அந்தக் காலத்தில் சுபராஜ் என்று ஒரு பம்பு கம்பெனி இருந்தது. பம்பு வார்த்ததுபோக மிஞ்சிய அலுமினியத்தில், முதலாளி தன் பேரனுக்கு ஒரு குதிரை வார்க்கச் சொன்னாராம். அது அழகாக வந்துவிட, நாலைந்து தீபாவளிக்கு விற்பனைக்கே விட்டார்கள். உள்ளங்கையில் நிற்கும். முதுகில் ஒரு துளை, ஏறுகிற ஆளுக்கு அடியில் ஒரு முளை. குதிரை எல்லாவற்றுக்கும் ஒரே அச்சு, ஆள்தான் வேறு வேறு. சிப்பாய், ராஜா, ஜாக்கி, போலீஸ்காரர், போலோ ஆட்டக்காரர், மாலை போட்ட மாப்பிள்ளை. ஆறு பேருக்கும் கீழே ஆறு சின்ன அட்டை. எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: சேகரிப்பு, ரா. சென்னியப்பன்.

இந்த ஆறு பேரைச் சேர்க்க இவருக்குப் பாதி ஆயுசு போயிற்று. மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கட்டும் கடை வைத்திருந்தார். வேலைக்குப் போன இடத்திலெல்லாம் மோட்டாரைப் பார்க்குமுன் பரணைப் பார்ப்பார். மாப்பிள்ளை அவிநாசியில் ஒரு கோழிக்கூண்டுக்குள் கிடைத்தார். கல்யாணமான புதிதில், "ஆம்பளைக்கு எதுக்குங்க பொம்மை?" என்று கேட்டேன். "பொம்மை இல்லே, சுபராஜ்" என்று பதில் வந்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

துடைக்கும்போது குதிரையின் கண்ணைப் பார்த்தேன். கறுப்புப் பொட்டு, அதற்குள் கடுகளவு வெள்ளை. கம்பெனியில் வேலை செய்த பெண்கள் தீக்குச்சி முனையால் வைத்ததாம். அந்த வெள்ளை இல்லாவிட்டால் அது வெறும் அலுமினியம். யாரோ ஒருத்தி காலை டீக்கும் மத்தியானச் சோற்றுக்கும் நடுவில் அத்தனை குதிரைக்கும் பார்வை கொடுத்திருக்கிறாள். அவளைக் கும்பிடத் தோன்றியது.

ஜூன் 9

நோட்டீஸ்களை எடுத்துப் படிக்கச் சொன்னார். குதிரையைவிட அதை விற்க அடித்த நோட்டீஸ்தான் அபூர்வம். குதிரையை வாங்கினவர்கள் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள், நோட்டீஸில் கடைக்காரர்கள் கடலை மடித்துக் கொடுத்துவிட்டார்கள். இவருக்குத் தெரிந்து மிஞ்சியது ஐந்து. அதில் நாலு எங்கள் வீட்டில், எக்ஸ்ரே கவருக்குள். ஒன்றில் திருப்பூர்க் கடை முத்திரை, இன்னொன்றில் பூச்சி அரித்த ஓட்டை. சிவப்பும் நீலமுமாக, மூன்றாக மடித்த தாள்.

நான் ஒரு வரி படித்தால் அடுத்த வரியை அவரே சொல்கிறார். "குழந்தைகள் கேட்பார்கள், பெரியவர்கள் வைத்துக்கொள்வார்கள்" என்று ஒரு வரி. எழுதினவன் இவரை எங்கேயோ பார்த்திருக்க வேண்டும்.

கடைசி மடிப்பில் ஏழாவது படம். "படிக்கப் போகும் பெண். வரும் தீபாவளிக்கு." இரட்டைச் சடை, முதுகில் புத்தகப் பை, ஒரு கையில் கடிவாளம், ஒரு கையில் விரித்த குடை. அந்தத் தீபாவளிக்குள் கம்பெனி பொம்மை வார்ப்பதையே நிறுத்திவிட்டது என்பார்கள் சிலர். கொஞ்சம் வார்த்தார்கள் என்பார்கள் சிலர். கண்ணால் பார்த்தவர் யாருமில்லை.

இந்த நோட்டீஸில் ஒரு வேடிக்கை உண்டு. கண்டுபிடித்தது நான். கல்யாணமான மாசம் இவர் பெருமையாக விரித்துக் காட்டியபோது, "ஏனுங்க, இவிங்க எல்லாருமே பீச்சாங்கைக்காரங்களா?" என்று கேட்டேன். அலமாரியில் இருக்கும் சிப்பாய் வலது கையில் கத்தி பிடித்திருக்கிறார், நோட்டீஸில் இடது கையில். போலோக்காரர் மட்டையும் அப்படித்தான். நோட்டீஸ் அச்சடிக்கப் பிளாக் செய்தவர் படத்தை இடவலம் திருப்பிப் போட்டுவிட்டார். கம்பெனி கவனிக்கவில்லை, வருஷக்கணக்காக வைத்திருந்த இவரும் கவனிக்கவில்லை. இன்றைக்கும் குதிரை பார்க்க யார் வந்தாலும், "இது எங்க வீட்டுக்காரி கண்டுபுடிச்சது" என்று சொன்ன பிறகுதான் காபி கேட்பார்.

எனக்கு மட்டும் எப்படிக் கண்ணில் பட்டது என்று யாரும் கேட்டதில்லை. ஒண்ணாம் வகுப்பில் இடது கையால் எழுதி, ஸ்கேலால் முட்டியில் அடி வாங்கினவளுக்கு எந்தக் கை என்பதுதான் முதலில் தெரியும். வீட்டிலும் அதே கதைதான், அந்தக் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினால் போதும். பிறகு வலது கைக்குப் பழகிக்கொண்டேன். பழகாத மனுஷர் உண்டா?

ஜூன் 10

சர்க்கரை குறையவில்லை. அலமாரிக்குப் பின்னால் மாங்கொட்டை கிடந்தது. யார் தின்றது என்றால் குதிரை தின்றதாம்.

ஜூன் 13

சேலத்திலிருந்து மொய்தீன் அண்ணன் போன் செய்தார். கடிகாரக் கடைக்காரர். இவருக்குப் போட்டியும் அவர்தான், இவர் பேச்சு முழுசாகப் புரிகிற ஒரே ஆளும் அவர்தான். ஐந்தாவது நோட்டீஸ் அவரிடம்தான் இருக்கிறது.

"தங்கச்சி, அண்ணனுக்கும் கேக்கற மாதிரி ஸ்பீக்கர்ல போடும்மா" என்றார். போட்டேன். "அண்ணே, பொள்ளாச்சியில ஏழாம் நம்பர் வந்திருக்காம். எனக்குத்தான் மொதல்ல சொன்னாங்க. நான் போகலை. கண்ணு விஷயம் கேள்விப்பட்டேன். நீங்க பாருங்க. வேண்டாம்னு விட்டா அப்பறம் நான் போறேன்."

குதிரை சேர்க்கிறவர்கள் சொத்தில் பங்கு கேட்டால்கூடக் கொடுப்பார்கள், இப்படியொரு துப்பைக் கொடுக்க மாட்டார்கள். எவ்வளவு பெரிய மனசு அந்த அண்ணனுக்கு. போனை வைத்ததும் இவர் தடவிக்கொண்டே போய் அலமாரிக் கண்ணாடியில் கை வைத்து நின்றார். பிறகு சொன்னார்: "எனக்கென்ன தெரியப்போகுது. பூவா, நீதான் போகோணும்."

ஜூன் 14

காலையிலிருந்து எனக்குப் பாடம். சிப்பாயைக் கையில் கொடுத்து எடை பார்க்கச் சொன்னார். வயிற்றுக்கடியில் வார்ப்புக் கோடு எங்கே ஓடுகிறது, குளம்பில் எங்கே அரம் போட்டிருக்கிறது, பழைய பெயிண்ட் நகத்துக்கு எப்படி இருக்கும், எல்லாம். இத்தனையும் அந்த விரல்களுக்குத் தெரியும் என்பது எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. இவருடைய பொறுமையைப் பார்த்தால் நான் குடும்பம் நடத்தியது வேறு ஆளோடு போலிருக்கிறது.

முடிவில் பரீட்சை.

"நோட்டீஸ்ல குடை எந்தக் கையில?"

"இடது கையிலீங்."

"அப்ப அசல்ல?"

"வலது கையில இருக்கோணும்."

"இடது கையில இருந்தா?"

"நோட்டீஸைப் பாத்து எவனோ செஞ்சது."

"அவ்வளவுதான். திரும்பிப் பாக்காம பஸ் ஏறிரு."

இவர் அலமாரியில் போலிக்கு இடமில்லை. ஒரு தரம் ஜாக்கியின் தொப்பிக்கு யாரோ புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கொட்டுகிற மழையில் ஈரோட்டுக்குப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். மூன்று நாள் ஜுரம். அப்போது திட்டினேன். இப்போது நினைத்தால் அந்தப் பிடிவாதம்தான் இந்த மனுஷனிடம் எனக்கு மிகவும் பிடித்தது.

ஜூன் 16

பொள்ளாச்சி போய் வந்தேன். கூட்டமில்லை, ஜன்னல் ஓரம் கிடைத்தது.

பழைய சாமான் கடை. கடைக்காரர் ஒரு பஞ்சு டப்பாவைத் திறந்து மேஜையில் வைத்தார். குதிரை அசல். எடை, கோடு, குளம்பு, கண்ணில் வெள்ளைப் பொட்டு எல்லாம் சரி. பிறகு அவளைப் பார்த்தேன்.

சடை ஒன்று முன்னால் விழுந்திருக்கிறது, ஒன்று காற்றில் பின்னால் போகிறது. பையின் வாரில் மடிப்புகூட இருக்கிறது. எவன் செய்தானோ, அவன் கைக்குத் தங்கக் காப்புப் போட வேண்டும். முகத்தைக் கொஞ்சம் தூக்கியிருக்கிறாள். வெயிலுக்குப் பயந்து பிடித்த குடை மாதிரி இல்லை. நான் போகிறேன், எல்லாரும் பாருங்கள் என்று தூக்கிப் பிடித்த குடை.

குடை இடது கையில் இருந்தது.

பஸ் ஏற வேண்டியதுதான். எழுந்து வாசல் வரை போனேன். "வேண்டாமுங்களா?" என்றார் கடைக்காரர். அப்புறம் என்ன நடந்தது என்று எழுத வேண்டாமென்று பார்க்கிறேன். நான் சீட்டுப் போட்டு எடுத்த பணம் பையில் இருந்தது. இவர் கொடுத்தனுப்பிய பணத்தைத் தொடவில்லை.

பஸ்ஸில் டப்பாவை மடியிலேயே வைத்திருந்தேன். கிணத்துக்கடவு தாண்டும்வரை மூன்று தரம் திறந்து பார்த்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும், "என்னாச்சு?" என்று எழுந்து நின்றார். "கொண்டாந்துட்டேனுங்" என்றேன். அசல் என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

ஜூன் 17

தொட்டுப் பார்ப்பார், விரலிலேயே தெரிந்துவிடும், ஒரு சத்தம் போடுவார், முடிந்துவிடும் என்று இருந்தேன். டப்பாவை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாம் பூவா. கட்டிவெய்யி. ஆபரேஷன் ஆயி கண்ணு தெறந்ததும் மொதமொதல்ல அதைத்தான் பாக்கோணும். தெரியாமயே போச்சுன்னா, அப்பறம் தொட்டுப் பாத்துக்கறேன்."

துணியில் சுற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். இன்றைக்கு ரசத்தில் உப்புப் போட மறந்தேன்.

ஜூன் 19

சர்க்கரை இறங்கிவிட்டது. மூன்று நாளில் ஆபரேஷன்.

சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மொய்தீன் அண்ணனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமாங்க, கிடைச்சிருச்சு. நான் பாக்கலே, ஆனா எங்க வீட்டுக்காரி பாத்திருக்கறா. அவ கண்ணுக்குத் தப்பாது." கண் சரியானதும் அண்ணன் ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பார்க்க வருகிறாராம். ஊரெல்லாம் சொல்லிவிட்டாராம்.

எழுந்து போய்த் துணி துவைத்தேன். துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன்.

ஜூன் 22

ஆபரேஷன் முடிந்தது. உள்ளே போகும்போது, "பூவா, டப்பா பத்திரம்" என்றார். கண்ணுக்குள் காற்று நிரப்பியிருக்கிறார்கள். அது விழித்திரையை அழுத்திப் பிடிக்குமாம். பத்து நாள் குப்புறவே படுக்க வேண்டும், சாப்பிடும்போதும் தலை குனிந்தபடி. தெரியுமா தெரியாதா என்பது காற்று கரையக் கரையத்தான் தெரியும்.

மருதமலை இருக்கும் திசையைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். இவருக்குக் கண் தெரிய வேண்டும் என்று வேண்டினேன். தெரிந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டேதான் வேண்டினேன். முருகனுக்கு இந்த மாதிரி வேண்டுதல் புதுசாக இருக்கும்.

ஜூன் 25

கட்டில் ஓரத்தில் ரெண்டு ஸ்டூல் போட்டு, மடித்த துண்டில் நெற்றியை வைத்துக் குப்புறக் கிடக்கிறார். தரையைத் தவிர அவருக்கு எதிரில் ஒன்றுமில்லை. தனியாகத் தரையோடு பேசட்டும் என்று விட முடியுமா? கட்டிலுக்குக் கீழே பாய் போட்டு மல்லாந்து படுத்து, பேப்பர் படித்துக் காட்டுகிறேன். அவர் முகம் மேலே, என் முகம் கீழே. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படி முகத்துக்கு நேராக முகம் வைத்துப் பேசியதில்லை. நல்லவேளை, அவருக்கு நான் தெரியவில்லை.

ஜூலை 1

பேப்பர் முடிந்ததும் சும்மா கிடந்தோம். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று, "அந்த ஏழாம் நம்பர் விஷயமுங்க" என்று ஆரம்பித்தேன்.

"சொல்லாதே" என்றார். "சடை எப்படி, பை எப்படின்னு ஒண்ணும் சொல்லாதே. இங்க கெடந்து நானே ஒண்ணு நெனச்சு வெச்சிருக்கறேன். சரியான்னு பாக்கோணும்."

என்ன நினைத்து வைத்திருக்கிறார் என்று கேட்டேன். தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

ஜூலை 10

காலையில் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா விரலைக் காட்டினார், இவர் சரியாக எண்ணினார். வெளியே வரும்போது என் மூக்குத்தியைப் பார்த்து, "இது பழசுதானா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வராந்தாவில் எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

மேல் பாதிதான் தெரிகிறது. கீழ்ப் பாதியில் இன்னும் காற்று இருப்பதால், டம்ளர் தண்ணீர் மாதிரி ஒரு கோடு ஆடிக்கொண்டே இருக்கிறதாம்.

பொழுதோட, வெயில் இறங்கினதும் ஜன்னல் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, "கொண்டா" என்றார். டப்பாவைப் பிரித்து, அவர் முகத்துக்கு நேராக என் உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

"ஆளு மட்டும்தான் தெரியறா. குதிரை தண்ணிக்குள்ள நிக்குது" என்றார். முகத்தை மிகவும் பக்கத்தில் கொண்டுவந்தார். "ஒரு சடை காத்துல போகுதே. நான் இப்படி நெனைக்கலே. பை வாரைப் பாரு. செஞ்சவன் கைகாரன்."

கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

"குடை இடது கையில இருக்குது."

"ஆமாங்."

"இது சுபராஜ் இல்லே."

"இல்லீங்."

"உனக்குத் தெரியாமப் போயிருக்காது. நீ கண்டுபுடிச்சதாச்சே."

"வாங்கறப்பவே தெரியுமுங்."

டப்பா மூடியை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "கண்ணு போற ஆளுக்கு எதைக் காட்டினா என்னன்னு நெனச்சுட்டியா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"சத்தியமா இல்லீங்."

"அப்பறம் எதுக்கு?"

"எனக்குப் புடிச்சிருந்துச்சு" என்றேன். "உங்களுக்கில்லீங். எனக்கே எனக்கு வேணும்னு இருந்துச்சு. அத எப்படிச் சொல்றதுன்னு தெரீல."

சேலை எடுக்கப் போனாலும் அவர் கை காட்டினதை வாங்கி வருகிறவள் நான். எனக்கு வேணும் என்ற வார்த்தையை நானே இப்போதுதான் கேட்டேன். சமையல்கட்டுக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தேன். என்ன சமைப்பது என்று தெரியவில்லை.

அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. "பூவா, ஒரு அட்டையும் பேனாவும் கொண்டா. எனக்குக் கோடு நேரா வராது, நான் சொல்றேன், நீ எழுது."

உட்கார்ந்தேன். சொல்லிக்கொண்டே போனார், எழுதினேன். படிக்கப் போகும் பெண். குதிரை, சுபராஜ். பெண், போலி, செய்தவர் தெரியவில்லை. குடை இடது கையில்.

"சேகரிப்புன்னு போடு" என்றார். பழக்கத்தில் 'ரா.' என்று எழுதிவிட்டேன்.

"என்ன எழுதினே?"

"உங்க பேருங்."

"என்ற பேரு எதுக்கு? போலி வாங்கினேன்னு ஊரு சிரிக்கவா? வேற அட்டை எடு. உன்ற பேரு போடு. முழுப்பேரு."

வேறு அட்டை எடுத்தேன். பேனாவை வைக்கும்போது மறுபடி சொன்னார்: "அந்தக் கையில வேண்டாம். சொட்டு மருந்து விடற கையில எழுது."

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. பேனாவை மாற்றிக்கொண்டேன். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று, 'பூ' பூசணிக்காய் அளவுக்கு வந்தது. எழுதி முடிக்க அரிசி வேகும் நேரம் ஆயிற்று. அவர் பக்கத்திலேயே இருந்தார்.

ஜூலை 14

மொய்தீன் அண்ணன் ரெண்டு பேரோடு வந்தார். வந்தவுடன் அலமாரிக்குப் போனார். மேல் தட்டில் ஆறு பேர், கீழ்த் தட்டில் இவள் ஒருத்தி. அட்டையைக் கண்ணாடி போட்டுப் படித்தார். போலி என்று அவரே சத்தமாக வாசித்தார். கூட வந்தவர்களில் ஒருவர் மெல்லச் சிரித்தார். நான் இவரைப் பார்த்தேன். இவர் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார், இப்போது குனிய வேண்டியதில்லை.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து அவளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சடையைப் பார்த்தார், வாரைப் பார்த்தார், பைக்குள்ளிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து மறுபடி பார்த்தார். காபி ஆறிவிட்டது.

"அண்ணே, போலிதான். ஆனா இந்த மாதிரி ஒண்ண நான் பாத்ததில்லை. உங்ககிட்ட அசலுக்கு மட்டும்தானே இடம்? எனக்குக் கொடுத்துருங்களேன்."

"அது என்னுது இல்லீங்க" என்றார் இவர். "அட்டையப் பாத்தீங்கல்ல? அவகிட்டக் கேளுங்க."

மொய்தீன் அண்ணன் என் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷத்தில் குதிரை விஷயமாக என்னிடம் அவர் கேட்கிற முதல் கேள்வி. "என்ன தங்கச்சி, கொடுக்கறதா?"

ஆறின காபியை எடுத்துக்கொண்டு வேறு டம்ளரை நீட்டினேன். எந்தக் கையால் நீட்டினேன் என்று பாதியில்தான் பார்த்தேன். மாற்றவில்லை. அவரும் வாங்கிக்கொண்டார்.

"கொடுக்கறதில்லீங்ணா" என்றேன்.